வீட்டைக் கழுவிய தண்ணீரை முருங்கைக்கு விடலாமா?

''மணியாச்சிக்குப் பக்கத்தில் கிராமம். வீட்டுக்கு போர் தண்ணீர்தான். சோப்பு நுரைக்காது, தரை, குழாய், குடம் எல்லாவற்றிலும் வெள்ளையாக உப்பு படிகிறது. ரசாயனம் வேண்டாம் என்று ஆசிட், பினாயிலை நிறுத்திவிட்டு, ஒரு வருடமாக ஆப்பசோடாவும் வினிகரும் கலந்து பாத்திரம், தரை, துணி எல்லாவற்றையும் கழுவுகிறோம். அங்கணத்துத் தண்ணீர் புறவாசலில் நிற்கும் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் போகிறது. இப்போது அந்த இடத்தில் மண் சிமென்ட் மாதிரி இறுகிவிட்டது. தண்ணீர் இறங்காமல் நிற்கிறது. முருங்கை இலை நுனி கருகுகிறது. இயற்கையான பொருளைத்தானே பயன்படுத்தினோம், எங்கே தவறு?''

- வாசகி, மணியாச்சி.

ஆப்பசோடா வயிற்றுக்குக் கெடுதல் இல்லாத பொருள்தான். கரிசல் மண்ணுக்கு அப்படியில்லை. 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று பட்டியல் போடுகிறவர்கள் பெரும்பாலும் சாக்கடை உள்ள நகரத்து வீட்டை மனதில் வைத்துத்தான் போடுகிறார்கள். கழுவிய தண்ணீர் குழாய்க்குள் போய் மறைந்துவிடும் வீட்டுக்கு அந்தப் பட்டியல் சரி. அங்கணக்குழியில் இருந்து வாய்க்கால் வெட்டி, ஒரு குடத் தண்ணீரை இரண்டு முறை பயன்படுத்துகிற மானாவாரிப் பூமிக்கு அது பொருந்தாது. இங்கே ஒரு பொருளை வாங்குவதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி, அது இயற்கையா, ரசாயனமா என்பதல்ல. கழுவிய தண்ணீர் எங்கே போய் விழுகிறது என்பதுதான்.

கரிசல் மண்ணில் இருக்கும் களிமண்ணுக்கு ஒரு குணம் உண்டு. சித்திரை வெயிலில் சுருங்கிக் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். ஐப்பசி மழை விழுந்ததும் ஊறி, உப்பி, வெடிப்பை மூடிக்கொள்ளும். இந்தக் களிமண் துகள்களைச் சின்னச் சின்னக் கட்டிகளாகச் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பது கால்சியம் சத்து. கட்டிகளுக்கு நடுவே உள்ள சந்து வழியாகத்தான் தண்ணீரும் காற்றும் இறங்குகின்றன. கால்சியத்தின் இடத்தில் சோடியம் போய் உட்கார்ந்துவிட்டால் பிடிப்பு விட்டுப்போகும். கட்டிகள் தூள் தூளாகப் பிரிந்து, அந்தத் தூள் சந்துகளை அடைத்துக்கொள்ளும். ஈரமாக இருக்கும்போது கூழ், காய்ந்தால் பாறை. விவசாயிகள் இதைக் 'களர்' என்பார்கள். மண் பிடித்து வைத்திருக்கும் சத்துகளில் சோடியத்தின் பங்கு 15 சதவிகிதத்தைத் தாண்டினால் களர் நிலம் என்பது பொதுவான கணக்கு. உப்பி, சுருங்கும் கரிசலில் அதற்கு வெகு முன்னதாகவே தண்ணீர் இறங்குவது குறைய ஆரம்பித்துவிடும்.

ஆப்பசோடாவின் ரசாயனப் பெயர் சோடியம் பைகார்பனேட். அதன் எடையில் 27 சதவிகிதம் சோடியம். சலவை சோடாவில் இது 43 சதவிகிதம்; சமையல் உப்பில் 39 சதவிகிதம். வாரத்துக்கு 100 கிராம் ஆப்பசோடா செலவாகும் வீட்டில், வருடத்துக்கு 5 கிலோவுக்கு மேல் சோடா, அதாவது ஏறக்குறைய 1.4 கிலோ சோடியம் வெளியே போகிறது. ஏக்கர் கணக்கில் பரந்துபோனால் இது ஒன்றுமில்லை. இரண்டு மரத்துப் பாத்திக்குள்ளேயே வருடம் முழுவதும் விழுந்தால் கதை வேறு.

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. சோடாவையும் வினிகரையும் கலந்தால் புஸ்ஸென்று பொங்குமே, அந்தப் பொங்கலைப் பார்த்துத்தான் பலர் அழுக்கு பெயர்கிறது என்று நம்புகிறார்கள். பொங்கி வருவது கரியமில வாயு மட்டுமே. அமிலமும் காரமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு இரண்டுமே பலம் இழந்துவிடுகின்றன. மிஞ்சுவது சோடியம் கலந்த வெறும் தண்ணீர். உப்புக் கறைக்கு வினிகர் மட்டும் போதும். எண்ணெய்ப் பிசுக்குக்கு சோடா மட்டும் போதும். இரண்டையும் கலப்பது காசை இரண்டு முறை கொட்டுவது.

'அந்தக் காலத்தில் இதெல்லாம் இல்லையா?' என்று கேட்கலாம். இருந்தது. சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணில் துணியை முக்கி வெள்ளாவி வைத்தார்கள். உவர்மண்ணில் இருப்பதும் சோடியம் கார்பனேட்தான். ஆனால், வெளுத்தது கண்மாய்க் கரையிலும் ஓடைத் துறையிலும். யாரும் அந்தத் தண்ணீரைப் பாத்தி கட்டி மரத்துக்குப் பாய்ச்சவில்லை. பழைய பொருள் என்பதற்காக ஒன்று பாதுகாப்பானது ஆகிவிடாது. சோடா விஷயத்தில் தூத்துக்குடிக்குத் தனிப் பெயரே உண்டு. அங்குள்ள ஆல்கலி தொழிற்சாலையில் கொதிகலன் புகையில் இருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுத்து சோடா தயாரிக்கும் ஏற்பாடு 2016-ம் ஆண்டு வந்தபோது உலகப் பத்திரிகைகள் எழுதின. ஆண்டுக்கு 60,000 டன் வாயுவைப் பிடிக்கும் திட்டம் அது. காற்றுக்கு நல்ல காரியம். ஆனாலும், எந்தப் புகையில் இருந்து வந்தாலும் சோடா சோடாதான். முருங்கைப் பாத்திக்குள் அது போகக் கூடாது.

முதலில் ஒரு டம்ளர் சோதனை

முழுப் பழியையும் ஆப்பசோடா மேல் போட்டுவிட முடியாது. சில ஊர்களில் போர் தண்ணீரிலேயே சோடியம் உப்பு இருக்கும். இலை நுனி கருகுவதற்கு அதுவும் காரணமாகலாம். எது என்று வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம்.

மூன்று இடத்தில் மண்கட்டி எடுக்க வேண்டும். ஒன்று, இறுகிப்போன முருங்கைப் பாத்தியில். இரண்டாவது, போர் தண்ணீர் மட்டும் விழுகிற இடத்தில் (மாட்டுத் தொட்டி வழிந்து ஓடும் இடம் என்றால் நல்லது). மூன்றாவது, எந்தத் தண்ணீரும் போகாத இடத்தில். ஒவ்வொன்றிலும் பட்டாணி அளவுக் கட்டியை நிழலில் நன்றாகக் காயவைத்து, மூன்று கண்ணாடி டம்ளரில் மழைத் தண்ணீர் ஊற்றி மெதுவாக உள்ளே விட வேண்டும். மழைத் தண்ணீர் இல்லையென்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். போர் தண்ணீரில் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. அதில் உள்ள உப்பே விஷயத்தை மறைத்துவிடும்.

ஆட்டாமல், கலக்காமல் ஒரு பகல் வைத்துப் பார்க்க வேண்டும். கட்டி உடைந்து சரிந்திருந்து, தண்ணீர் தெளிவாகவே இருந்தால் பயமில்லை. கட்டியைச் சுற்றி பால் கலந்த மாதிரி கலங்கல் எழும்பி நின்றால் சோடியம் ஏறிவிட்டது என்று அர்த்தம். பாத்தி மண் மட்டும் கலங்கினால் வீட்டில் பயன்படுத்திய பொருள்தான் காரணம். இரண்டாவது டம்ளரும் கலங்கினால் போர் தண்ணீரிலும் கோளாறு இருக்கிறது. மூன்றுமே கலங்கினால் அந்த மண்ணே பிறப்பில் இருந்து அப்படி. எதுவானாலும் மண்ணையும் தண்ணீரையும் ஒருமுறை பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பிவிடுவது நல்லது. வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

சோப்பு நுரைக்காத தண்ணீருக்கு பூந்திக்கொட்டை

கடினத் தண்ணீரில் சோப்பு நுரைக்காததற்குக் காரணம், தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பைத் திரித்து, தயிர்க்கட்டி மாதிரி ஆக்கிவிடுவதுதான். வாளி ஓரத்தில் ஒட்டும் சாம்பல் நிறப் பிசுக்கு அதுதான். போட்ட சோப்பில் பாதி அழுக்கைத் தொடுவதற்கு முன்பே வீணாகிறது. பூந்திக்கொட்டையின் நுரைப்பொருள் வேறு ஜாதி. சப்போனின் என்று பெயர். அது கால்சியத்தோடு சேர்ந்து திரியாது. அதனால், உப்புத் தண்ணீரிலும் வேலை செய்யும். சோடியமும் கிடையாது. வேப்பெண்ணெயைத் தண்ணீரில் கலக்கி மருந்து அடிப்பதற்குப் பூந்திக்கொட்டைக் கரைசலைச் சேர்க்கிற விவசாயிகளுக்கு இது புதிய பொருள் இல்லை. தட்டான்மார் நகை கழுவுவதும் இதில்தான்.

நாட்டு மருந்துக் கடையில் வாங்கும்போது விதை நீக்கிய தோலாகக் கேட்க வேண்டும். விதையில் நுரை கிடையாது, எடைதான் கூடும். 100 கிராம் தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் இருபது நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் பிசைந்து வடிகட்டினால் கரைசல் தயார். ஒரு வாளித் துணிக்கு ஒரு டம்ளர் ஊற்றி அரை மணி நேரம் ஊறவைத்துக் கசக்கலாம். தரை துடைக்க ஒரு வாளிக்கு அரை டம்ளர் போதும். சோப்புத்தூள் மாதிரி பொங்கிப் பொங்கி நுரைக்காது. நுரை குறைவு என்பதற்காக அதிகம் ஊற்ற வேண்டாம். அலசுவதற்கு இரண்டு வாளிக்குப் பதில் ஒரு வாளி தண்ணீர் போதும் என்பதுதான் இதில் உள்ள பெரிய லாபம்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளை வேட்டியை நாள்பட இதில் துவைத்தால் லேசாகப் பழுப்பு ஏறும். டிராக்டர் கிரீஸ், இன்ஜின் ஆயில் கறைக்கு இது பத்தாது. கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். மீன் இருக்கும் தொட்டியிலும் குட்டையிலும் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது. சப்போனின் மீனுக்கு விஷம். மண்புழு உரத் தொட்டியிலும் ஊற்ற வேண்டாம்.

பாத்திரத்து எண்ணெய்ப் பிசுக்குக்கு, கையருகே கிடைக்கிற பொருள் அரப்பு. உசிலை மர இலையை நிழலில் காயவைத்து இடித்த தூள்தான் அது. வறண்ட காட்டில் தானாக நிற்கிற மரம். ஆடு மேய்க்கப் போகிறவர்கள் ஒரு கட்டு ஒடித்து வந்தால் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஆகும். சீயக்காய்த் தூளும் இலுப்பைப் புண்ணாக்கும் இதே வேலையைச் செய்யும். தேய்ப்பதற்கு முற்றிய பீர்க்கங்காய்க் கூடு போதும். வேலியில் ஒரு கொடி விட்டால் வருடம் முழுவதற்கும் காய்ந்த கூடு கிடைக்கும். பிளாஸ்டிக் நார் வாங்க வேண்டியதில்லை.

வெந்நீர் அடுப்பு இன்னும் எரிகிற வீட்டில் சாம்பல் இருக்கும். சீமைக்கருவேல் சாம்பல் நல்ல பிசுக்கு நீக்கி. அதில் தண்ணீரில் கரைவது பெரும்பாலும் சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், சோடியம் சொற்பம். ஆனாலும், கரிசல் ஏற்கெனவே கார மண். அதனால் சாம்பல் தண்ணீரைத் தினமும் ஒரே மரத்துக்கு விடாமல் இடம் மாற்றி விட வேண்டும்.

சோப்புத்தூளை விட முடியாத வீடு உண்டு. கைக்குழந்தை உள்ள வீட்டிலும், மில்லுக்கு வேலைக்குப் போய் இரவு ஏழு மணிக்குத் திரும்புகிறவர் வீட்டிலும் பூந்திக்கொட்டை ஊறவைக்க நேரம் ஏது? அங்கே தூளுக்குப் பதில் திரவமாக வாங்கலாம். தூளில் எடை கூட்டுவதற்கே சோடியம் உப்புகளைச் சேர்க்கிறார்கள். திரவத்தில் பொதுவாக அது குறைவு. முதல் அலசல் தண்ணீரைத் தெருவாய்க்காலுக்கும், அடுத்த அலசலை மட்டும் மரத்துக்கும் விட்டால் பாதிப்பு பெருமளவு குறைந்துவிடும். சில 'இயற்கைக்' குறிப்புகளில் வெண்காரம் சேர்க்கச் சொல்கிறார்கள். அது வேண்டவே வேண்டாம். வெண்காரத்தில் உள்ள போரான் சிறிது கூடினாலே செடி கருகும்.

வெள்ளைப் படிவும் கழிவறையும்

தரையிலும் குழாயிலும் படிகிற வெள்ளை பெரும்பாலும் சுண்ணாம்பு. ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் நுரை கிளம்பும், கிளம்பினால் சுண்ணாம்புதான். அதைச் சுரண்டவும் வேண்டாம், ஆசிட் ஊற்றவும் வேண்டாம். சாறு பிழிந்த எலுமிச்சை மூடி, புளி கரைத்த சக்கை, புளித்த மோர், எது இருந்தாலும் தடவி ஒரு மணி நேரம் விட்டுத் தும்பு பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். குழாய்க்கு, நனைத்த துணியைச் சுற்றிக் கட்டி இரவு விட்டுவிடலாம். இந்தப் புளிப்புத் தண்ணீர் கரிசலுக்குக் கெடுதல் செய்யாது. மண்ணிலேயே சுண்ணாம்புக் கல் கிடக்கிறது. அது புளிப்பை அடக்கிவிடும். வாசகி கலந்த கலவையில் வினிகர் பக்கம் குற்றமில்லை, சோடா பக்கம்தான் குற்றம்.

கழிவறைக்கு ஆசிட் ஊற்றுவதை நிறுத்தியது நல்ல முடிவு. குழித் தொட்டியில் மலத்தை மட்கவைக்கும் நுண்ணுயிர்களை அது கொல்லும். சிமென்ட் பூச்சையும் அரிக்கும். பலசரக்குக் கடையில் 'எலுமிச்சை உப்பு' என்று கேட்டால் சிட்ரிக் அமிலம் தருவார்கள். 50 கிராம் எடுத்து அரை லிட்டர் சுடுதண்ணீரில் கரைத்து இரவு ஊற்றிவிட்டு, காலையில் தேய்க்கலாம். கழிவறைத் தண்ணீர் குழிக்குத்தான் போகிறது என்பதால், வீட்டில் மிச்சமிருக்கும் ஆப்பசோடாவை அங்கே வேண்டுமானால் தீர்த்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட்டோ, எலுமிச்சையோ, வினிகரோ, எந்தப் புளிப்புப் பொருளும் சேரக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய சின்னக் கழிவறையில் அது மூச்சை அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். 'எலுமிச்சைதானே' என்று அலட்சியமாக இருக்கக் கூடாது.

அதற்காக பிளீச்சிங் பவுடரை வீட்டை விட்டே துரத்த வேண்டியதில்லை. வீட்டில் யாருக்காவது வாந்தி, பேதி என்றால் அப்போது வேப்பிலைக் கஷாயத்தையும் கோமியப் பினாயிலையும் நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. வாசனை வருவதும் கிருமி சாவதும் ஒன்றல்ல. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்த தண்ணீரை அசுத்தமான இடத்தில் ஊற்றி அரை மணி நேரம் விட்டுக் கழுவ வேண்டும். அந்தத் தண்ணீர் மரத்துக்குப் போகாமல் அங்கண வாயைத் திருப்பிவிட்டால் முடிந்தது.

தண்ணீர் இல்லாமல் சுத்தம்

வறண்ட ஊரில் வீட்டுக்குள் வருவதில் பெரும்பங்கு அழுக்கல்ல, தூசிதான். ஆனி, ஆடியில் கயத்தாறு காற்றாலைகள் சுற்றுகிற வேகத்தைப் பார்த்தாலே தெரியும், கோடை உழவு போட்ட நிலத்துப் புழுதி எங்கே போகிறது என்று. அந்த மாதங்களில் தினமும் தரையைத் தண்ணீர் விட்டுத் துடைத்தால் குடம் குடமாகச் செலவாகுமே தவிர, மாலைக்குள் பழையபடி புழுதி. பகலில் மேற்குப் பக்க ஜன்னலை மூடி, காற்று அடங்கிய பிறகு பெருக்குவதுதான் சரி. வெறும் வாரியலால் பெருக்கினால் பாதித் தூசி பறந்து அலமாரியில் உட்காரும். இரண்டு கை தவிட்டையோ மரத்தூளையோ பிசறிய ஈரத்தில் தரையில் தூவிவிட்டுப் பெருக்கினால் தூசி அதில் ஒட்டிக்கொண்டு வரும். வடிகட்டிய டீத்தூளும் ஆகும். பெருக்கியதைக் குப்பைக்குழியில் போட்டால் மட்கி உரம். வாசல்படியில் ஒரு பழைய சாக்கை நனைத்துப் போட்டு வைத்தால் காலோடு வருகிற புழுதியில் பாதி அங்கேயே நின்றுவிடும்.

சிமென்ட் தரையைத் தேய்க்கப் பனந்தும்பு பிரஷ் நல்லது. தூத்துக்குடியில் இருந்து பனந்தும்பு வெளிநாட்டுக்கு பிரஷ் செய்யப் போகிறது. உள்ளூரிலோ பிளாஸ்டிக் பிரஷ் வாங்குகிறார்கள்!

மண்தரை உள்ள வீட்டில் சாணம் மெழுகுவது தூசியை அடக்கும், வெடிப்பையும் மூடும். ஆனால், தொப்புள்கொடி விழாத குழந்தை இருக்கும் அறையிலும், காலில் ஆறாத புண்ணோடு ஒருவர் நடமாடும் வீட்டிலும் தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டும். சாணத்தில் ரணஜன்னிக் கிருமி இருக்க வாய்ப்பு உண்டு.

வெயில் ஒன்றுதான் இந்தப் பூமியில் காசு கொடுக்காமல் கிடைக்கிறது. பாய், தலையணை, மெத்தையை மாதம் ஒருமுறை உச்சிவெயிலில் போட வேண்டும். மூட்டைப்பூச்சி இருந்தால் கறுப்பு பாலித்தீன் தாளில் சுற்றி ஓரங்களைக் கல் வைத்து அமுக்கி மூன்று நான்கு மணி நேரம் விடலாம். நடுவில் ஒருமுறை திருப்பிப் போடுவது அவசியம். உள்ளே 50 டிகிரி சூடு ஏறினால்தான் முட்டையும் சாகும். தடித்த பஞ்சு மெத்தையின் நடுப்பகுதிக்கு அந்தச் சூடு லேசில் போகாது; இரண்டு மூன்று நாள் தொடர்ந்து செய்ய வேண்டியிருக்கும்.

இறுகிய பாத்தியை மீட்பது

முதல் வேலை, சோடாத் தண்ணீர் அங்கே போவதை இன்றைக்கே நிறுத்துவது. அடுத்தது ஜிப்சம். அதில் உள்ள கால்சியம், மண்ணில் உட்கார்ந்திருக்கும் சோடியத்தைத் தள்ளிவிட்டுத் தன் இடத்தைப் பிடிக்கும். உப்பளப் பாத்தியில் உப்பு விளைவதற்கு முன்பு படிவதும் இந்த ஜிப்சம்தான். வருடத்துக்கு 1.4 கிலோ சோடியம் என்ற கணக்குக்கு 5 கிலோ சுத்தமான ஜிப்சம் வேண்டும். கடையில் கிடைப்பது முழுச் சுத்தம் இருக்காது என்பதால் 7 கிலோ வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் தேங்கிய பாத்தி பத்தடி விட்டம் இருந்தால், இந்த 7 கிலோவில் பாதியை மழைக்கு முன்பு, புரட்டாசியில் தூவி, கொத்திக் கிளறி, இரண்டு கூடை மட்கிய தொழு உரத்தையும் கலந்துவிட வேண்டும். வேர் அறுபடாமல் நாலு விரல்கடை ஆழம் கொத்தினால் போதும். மீதியை அடுத்த வருடம் போடலாம்.

ஜிப்சம் போட்டால் மட்டும் மண் திருந்திவிடாது. கழன்ற சோடியம் கீழே இறங்கிப் போக நல்ல தண்ணீர் வேண்டும். போர் தண்ணீரில் அது நடக்காது. வடகிழக்குப் பருவமழையைத்தான் நம்ப வேண்டும். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் வீட்டுத் தண்ணீரை அந்தப் பாத்திக்கு விடாமல், கூரைத் தண்ணீரைத் திருப்பிவிட வேண்டும். 500 சதுர அடிக் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் சேதாரம் போக ஆயிரம் லிட்டர் கிடைக்கும். வீடுதோறும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003-ம் ஆண்டில் போட்ட குழாய்கள் பல வீடுகளில் உடைந்து தொங்குகின்றன. அதைச் சரிசெய்து ஒரு தொட்டியில் பிடித்தால் துணி அலசவும் ஆகும். மழைத் தண்ணீரில் சோப்பு பாதியே செலவாகும். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தாமிரபரணித் தண்ணீர் வருகிற ஊரில் இந்த வித்தியாசம் துவைக்கிறவர்கள் கைக்கு ஏற்கெனவே தெரியும்.

இனிமேல் அங்கணத் தண்ணீருக்கு ஒரு பாத்தி போதாது. மூன்று பாத்திகள் வெட்டி, வாரம் ஒன்றாக மாற்றிவிட வேண்டும். முதலில் கல்வாழை நட்ட ஒரு சின்னப் பள்ளத்தில் விழுந்து, அங்கிருந்து மரத்துக்குப் போனால் சோற்றுப் பருக்கையும் பிசுக்கும் அங்கேயே நின்றுவிடும். தென்னை உப்பை ஓரளவு தாங்கும். வாழை தாங்காது. பச்சையாகத் தின்கிற கொத்தமல்லி, வெங்காயத்தாள் பாத்திக்கு இந்தத் தண்ணீர் ஆகவே ஆகாது.

''மகளிர் குழுவில் பூந்திக்கொட்டைத் திரவம் தயாரித்து பாட்டிலில் விற்கிறோம். ஒரு வாரத்தில் நாறிப்போகிறது. கெடாமல் இருக்க என்ன சேர்க்கலாம்?''

- வாசகி, கயத்தாறு.

எதையும் சேர்க்காமல், திரவமாக விற்பதை நிறுத்துவதே நல்லது. கோடையில் கொதிக்கவைத்த கரைசல் மூன்று நாளைக்கு மேல் நிற்காது. கெடாமல் இருக்க மருந்து சேர்த்தால் அது வேறு தயாரிப்பு. லேபிளில் 'இயற்கை' என்று போட முடியாது. உங்கள் ஊரின் பலம் ஈரமில்லாத காற்றும் வெயிலும். விதை நீக்கிய தோலை மூன்று நாள் வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து, மாவுமில்லில் திரித்து, ஈரம் புகாத உறையில் 100 கிராம் பொட்டலமாக அடைக்கலாம். மாதக்கணக்கில் கெடாது. பஸ்ஸில் அனுப்ப பாட்டில் எடையும் இல்லை. தண்ணீருக்கு யாரும் காசு கொடுக்க வேண்டியதும் இல்லை. திரிக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வது அவசியம். அந்தத் தூள் மூக்கில் ஏறினால் விடாமல் தும்மல் வரும். பொட்டலத்தில் பயன்படுத்தும் அளவோடு, 'கண்ணில் படக் கூடாது, மீன் தொட்டியில் ஊற்றக் கூடாது' என்ற இரண்டு வரியையும் அச்சடித்துவிடுங்கள்.

''சாம்பலில் தேய்த்தால் அலுமினியச் சட்டி மங்கிக் கறுக்கிறது. பித்தளைக் குடம் மட்டும் புளியில் பளிச்சென்று ஆகிறது. ஏன்?''

- வாசகர், விளாத்திகுளம்.

அலுமினியம் காரத்துக்கு ஆகாது. சாம்பல், சலவை சோடா இரண்டும் அதை அரிக்கும். அரப்பு அல்லது சீயக்காய்த் தூளில் பீர்க்கங்கூட்டால் தேய்த்தால் போதும். பித்தளையிலும் செம்பிலும் ஏறுகிற கறுப்பு, உலோகத்தின் மேல் காற்றும் ஈரமும் சேர்ந்து உண்டாக்கும் படலம். புளியில் உள்ள அமிலம் அதைக் கரைத்துவிடுகிறது. புளி தடவிய பித்தளையை ஊறவிடாமல் உடனே கழுவித் துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். போர் தண்ணீர் காய்ந்தால் மறுபடி வெள்ளைத் திட்டு விழும். புளியோடு உப்பு சேர்த்துத் தேய்க்கிற பழக்கம் இருந்தால், அந்தக் கழுவுநீர் மட்டும் மரத்துப் பாத்திக்குப் போக வேண்டாம்.